பின்னால் கொம்பு முளைத்த கெடா

4

அந்த வாழ்த்து அட்டை யாரையும் வாழ்த்தவில்லை.

மேல்பாதியில் கருநீல மயில் ஒன்று தோகையைத் தரையில் இழுத்துக்கொண்டு, பார்ப்பவரை மதிக்காத தோரணையில் நின்றது. கீழ்ப்பாதியில் எழுத்துக்கு ஒன்றாக ரப்பர் முத்திரை குத்தி, ‘பெண் கெட்டவள். பேசாமல் வேறு இடம் தேடு’ என்று போட்டிருந்தது. போட்டிருந்தது என்பதைவிடப் போட முயன்றிருந்தது என்பதே நியாயம். கொம்பு வரவேண்டிய எழுத்தில் எல்லாம் அந்தக் கொம்பு முன்னால் நிற்காமல், பின்னால் போய் ஒளிந்துகொண்டிருந்தது.

வசந்தன் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“ஒருத்தி பேரைக் கெடுக்க வந்தவனுக்கு ஒரு லட்சணம் வேணாமா அக்கா? மாடு எழுதினாக்கூட கொம்பை முன்னாலதான் வைக்கும்.”

பிரேமாவதி அட்டையை அவன் கையிலிருந்து வாங்கினாள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளையும் பொய் மரணங்களையும் தோண்டி எடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவள். இப்போது கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில் ஒரு டயர் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். மனிதர்களைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. வசந்தனைப் பற்றியும் கிடையாது. ஆனால் அவன் காடி ஓட்டுவான், தேவைப்படும் இடத்தில் வாயை ஓட்டுவான். இரண்டும் அவளுக்கு அலுப்பான வேலைகள்.

அவர்கள் நின்றது புக்கிட் செலம்பாவில், குணசுந்தரியின் வரிசை வீட்டு முன்னறை. வெளியே ரப்பர் தோட்டத்துக்குப் போகும் மண் பாதையில் மோட்டர்கள் போய்வந்தன. உள்ளே அழிரப்பரில் கத்தியால் செதுக்கிய முத்திரைகள் அலமாரி முழுக்க அடுக்கியிருந்தன. தென்னை, கோலம், யானை, பலாப்பழம், வாயைத் திறந்த ஒரு முதலைகூட இருந்தது. மேசையில் மைப் பஞ்சுகள், கோல்டு பொடி, நிறம் தேய்க்கும் துணிப் பந்துகள், அப்புறம் ஹேர் டிரையர் மாதிரி ஒன்று.

“அது என்ன?” என்றான் வசந்தன்.

“ஹீட் கன். பொடியை உருக்கறது.”

“இந்தத் தொழிலுக்கு வந்ததுக்கு இன்னைக்குத்தான் ஒரு கன்னைக் கண்ணால பாக்கறேன். அதுவும் தலை காயவைக்கிற மாதிரி.”

குணசுந்தரி சிரிக்கவில்லை. அவள் சிரிக்கும் நிலையில் இல்லை. அவள் நாக்குளறச் சொன்ன கதையின் சுருக்கம் இதுதான். அவளோடு ஒரே பள்ளியில் படித்து, ஒரே தொழிற்சாலை வேனில் வேலைக்குப் போன தோழி ஷாமளா. அவளுக்கும் பெண்டாங்கில் கடை வைத்திருக்கும் அப்பளசாமியின் மகன் புவனேசனுக்கும் நிச்சயம் முடிந்துவிட்டது. கல்யாண அழைப்பு அட்டையைக் கையாலேயே செய்து தருவதாகக் குணசுந்தரி ஏற்றிருந்தாள். இந்த வாரம் ஒரு காலையில் அப்பளசாமி கடையின் ஷட்டருக்கு அடியில் கிடந்த இந்த அட்டையை மாப்பிள்ளையின் அம்மா கண்டெடுத்தாள். மயில் குணசுந்தரியின் மயில். ஊரில் அதை அறியாதவர் இல்லை. நேற்று மாப்பிள்ளையின் அம்மா புஷ்பவள்ளி காடியில் வந்து இறங்கி, அக்கம்பக்கம் பார்த்திருக்க, அட்டையைக் குணசுந்தரியின் முகத்தில் விட்டெறிந்தாள். தனக்குக் கல்யாணம் ஆகாத வயிற்றெரிச்சல் என்று பெயரும் வைத்தாள். இன்று மாலை நாலு மணிக்குத் தாம்பூலத் தட்டைத் திருப்பிக் கொடுக்க வருகிறார்களாம். அதாவது, அட்டையில் உள்ளது உண்மை என்று ஊருக்கு முன்னால் கையெழுத்துப் போட வருகிறார்கள்.

“ஷாமளா என்னோட பேசறதில்லக்கா. ஜன்னலைச் சாத்திக்கிறா. நாலு மணிக்கு அந்தத் தட்டு திரும்பி வந்துச்சுனா அவ கெட்டவ, நான் காட்டிக்கொடுத்தவ. சாகற வரைக்கும் அதுதான் எங்க பேரு.”

பிரேமாவதி கையை நீட்டினாள். “உன் மயிலைக் குடு.”

குணசுந்தரி முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, வெள்ளை அட்டையில் குத்தினாள். அதே மயில். தோகையில் ஒரு கண் மட்டும் பாதியோடு நின்றிருந்தது. செதுக்கும்போது கத்தி வழுக்கிய இடமாம். பழி அட்டையின் மயிலுக்கும் அதே பாதிக் கண்.

“முடிஞ்சுது கதை,” என்றான் வசந்தன். “முத்திரை ஒண்ணுதான், வெச்சிருக்கிறவ ஒருத்திதான். சிஸ்டர், இப்பவே ஒத்துக்கிட்டா நாங்க மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்.”

“ரெண்டு மயிலும் எந்தப் பக்கம் பாக்குது வசந்தன்?” என்றாள் பிரேமாவதி.

அவன் பார்த்தான். இப்போது குத்திய மயில் வலப்பக்கம் பார்த்தது. பழி அட்டையின் மயில் இடப்பக்கம் பார்த்தது. பாதிக் கண்ணும் கூடவே இடம் மாறியிருந்தது. இதைக் கவனிக்காமல் ஒரு தெருவே ஒருத்தியைக் கரித்துக் கொட்டியிருக்கிறது. மயிலின் மூஞ்சியைப் பார்க்க நேரமில்லை, மனிதர்களின் மூஞ்சியில் காறித் துப்ப மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

மை விஷயத்தைப் பிரேமாவதி கேட்டுத் தெரிந்துகொண்டாள். இரண்டு வகை மை உண்டு. ஒன்று குத்தியவுடன் தாளுக்குள் இறங்கிக் காய்ந்துவிடும். இன்னொன்று வழவழப்பான தாளின்மேல் தேன் மாதிரி உட்கார்ந்தே இருக்கும். அதன்மேல் பொடியைத் தூவிச் சூடு காட்டினால் பொடி உருகி, பளபளவென்று மேடாக எழும்பும். அதற்குப் பிறகு தேய்த்தாலும் அசையாது. கல்யாண அட்டைக்கு இந்த இரண்டாவது மைதான்.

சூடு காட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பிரேமாவதி தானே செய்து பார்த்தாள். குத்திய ஈர மயிலின்மேல் வெறும் தாள் ஒன்றை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்து, மெல்ல உரித்தாள். புதுத் தாளில் ஒரு மயில் இடப்பக்கம் பார்த்துப் பிறந்திருந்தது. பழைய மயில் பாதி ரத்தம் கொடுத்தவள் மாதிரி வெளுத்துப்போய் நின்றது. மறுபடியும் ஒரு தாளை ஒற்றிப் பார்த்தாள். இப்போது வந்தது மயில் அல்ல, ஏதோ அழுக்கு.

“ஒரு தாய்க்கு ஒரு பிள்ளைதான்,” என்றாள். “அப்ப, இதைச் செஞ்சவன் முத்திரையைத் தொடவே இல்ல. ஈரமா ஒரு மயில் அவன் கைக்குப் போயிருக்கு. சூடு காட்டாம எதையாவது வெளிய குடுத்தியா?”

குணசுந்தரி யோசித்தாள். பிறகு அவள் முகம் அந்தப் பழைய மயிலை விட வெளுத்தது. ஒரே ஒரு தடவை. போன வாரம் கரண்ட் போயிருந்த ஒரு சாயந்தரம். கல்யாண அட்டையின் மாதிரி. பொறுமையில்லாமல் கையோடு வாங்கிக்கொண்டு போனவள் ஷாமளா.

ஷாமளா பக்கத்து வரிசையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தட்டு திரும்பி வரப்போகிற வீட்டுப் பெண் துணி உலர்த்துவதை வேலியோரம் நின்று இரண்டு பெண்கள் அக்கறையோடு வேடிக்கை பார்த்தார்கள். வசந்தன் அவர்களிடம் போய், டிக்கெட் வாங்கியாச்சா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு வந்தான். அவர்கள் போய்விட்டார்கள்.

ஷாமளா ஒளிக்கவில்லை. ஆமாம், ஈர அட்டையைத்தான் வாங்கினாள். மூடாதே, எதையும் மேலே வைக்காதே என்று குணசுந்தரி படித்துப் படித்துச் சொன்னாள். அன்று அவளைக் கூட்டிப்போக வந்த புவனேசன் காடியிலேயே அதைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அம்மாவிடம் காட்டிச் சம்மதம் வாங்கவேண்டும் என்றான். பின்சீட்டில் பச்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்தி எடுத்துப் போனான். அதற்குப் பிறகு அது பெண்டாங் வீட்டில்தான் இருக்கிறது.

“அவங்கம்மாவுக்கு என்னைப் புடிக்காது,” என்றாள். “தோட்டத்துப் புள்ளன்னு என் எதிர்லயே சொல்லுவாங்க. இவர்தான் சண்டை போட்டுச் சம்மதிக்க வெச்சாரு.” ஈரச் சட்டையை ஓங்கி உதறினாள். “கல்யாணம் நின்னா நின்னுட்டுப் போவட்டும்க்கா. அந்த ஒரு வார்த்தை இருக்கே, அதை எந்த ரப்பர் வெச்சு அழிக்கறது?”

பெண்டாங் போகும் வழியெல்லாம் வசந்தன் ஜெராய் மலையைப் பார்த்துக்கொண்டே புஷ்பவள்ளியைக் கைது செய்துகொண்டிருந்தான். அவன் கற்பனையில் அவள் கறுப்புச் சால்வை போர்த்தி, பழைய மாளிகை ஒன்றின் மாடிப்படியில் மெழுகுவர்த்தியோடு இறங்கி வந்தாள். உண்மையில் பெண்டாங்கில் மாளிகையும் கிடையாது, சால்வை போர்த்தும் குளிரும் கிடையாது. ஆனால் கணக்குச் சரியாக வந்தது. ஈர அட்டை அவள் வீட்டுக்குப் போனது. தோட்டத்துப் பெண் அவளுக்கு ஆகாது. எழுத்து முத்திரைப் பெட்டியும் அவர்கள் கடையிலேயே விற்பனைக்கு இருக்கிறது, குணசுந்தரியே கொடுத்து வைத்தது.

“மாமியார்தான். எழுதத் தெரியாத மாமியார். கொம்பைப் பின்னால வெச்சிட்டு, என்னமோ மணியார்டர் அனுப்பின மாதிரி உக்காந்திருக்கா.”

“ஷட்டருக்கு அடியில போட்டதும் அவ, அதைக் கண்டெடுத்ததும் அவளா?”

“மாமியாருங்க பல வேலையும் செய்வாங்கக்கா.”

குரூணில் சாலையோரக் கடையில் தே குடிக்க நிறுத்தினார்கள். வசந்தன் தன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு, பெண்டாங் போகிறேன், சாயந்தரம் வர முடியாது என்று கைப்பேசியில் தட்டினான். பிரேமாவதி கண்ணாடிக் குவளையை உதட்டருகே பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

“மறுபடி தட்டு. பெண்டாங்.”

“ஏங்க்கா, அவளுக்குப் பதில் நீங்க கோவிச்சுக்கப் போறீங்களா?”

“தட்டு லா.”

தட்டினான். முதலில் ‘ப’. அதற்கப்புறம் கொம்பு. கைப்பேசி, எஜமானன் செருப்பை எடுத்து வைக்கும் வேலைக்காரன் மாதிரி, கொம்பைத் தூக்கி ‘ப’வுக்கு முன்னால் வைத்தது. அவன் விரல் போட்டது பின்னால்தான்.

வசந்தன் தன் கட்டைவிரலைப் பார்த்தான். இத்தனை நாள் அது இப்படித் தலைகீழாக எழுதிக்கொண்டிருந்தது அவனுக்கே தெரியாது.

பிரேமாவதி அட்டையைக் குவளைகளுக்கு நடுவில் வைத்தாள். எழுத்தறியாதவன் எழுதியது இல்லை இது என்றாள். கெட்டவளுக்குச் சரியான ‘ள’, வேறுக்குச் சரியான ‘ற’. படிக்காதவன் முதலில் வழுக்கி விழுவதே அங்கேதான். இவன் அங்கெல்லாம் நேராக நடந்துவிட்டுக் கொம்பில் மட்டும் விழுந்திருக்கிறான். நோட்டில் பென்சிலால் எழுதிப் பழகியவன் கை, கேட்காமலேயே கொம்பை முதலில் போடும்.

“தமிழை வாசிப்பான். ஆனா பேப்பர்ல எழுதினதே கிடையாது. விரல் பழகினது ஃபோன்ல. ஃபோன் முன்னால தூக்கி வைக்கும், ரப்பர் வைக்காதே.”

“தப்பாப் போச்சுன்னு தெரிஞ்சிருந்தா கிழிச்சுப் போட்டுட்டு வேற குத்தியிருப்பானே?”

“ஒரு தாய்க்கு ஒரு பிள்ளைதான்னு சொன்னேனே. மயில் இன்னொண்ணு கிடையாது.”

வசந்தன் அப்போதும் மாமியாரை விடுவதாக இல்லை. அவளும் வாட்ஸப் பார்ப்பவள்தானே என்று முணுமுணுத்துக்கொண்டே காடியைக் கிளப்பினான்.

அப்பளசாமியின் கடை சாம்பிராணியும் கருவாடும் கலந்து மணத்தது. அப்பளசாமி ஒரு மூலையில் பேப்பருக்குள் ஒளிந்திருந்தார். கடைசி வரை அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை. கல்லாவில் புஷ்பவள்ளி. சால்வை இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. கழுத்து நிறைய நகையும், கடைக்குள் வருபவர்கள் எல்லாம் திருட வருகிறார்கள் என்கிற பார்வையும் இருந்தன. மூலையில் தாம்பூலத் தட்டு பட்டுத்துணி மூடிப் பயணத்துக்குத் தயாராக இருந்தது.

பிரேமாவதி தான் யார் என்று சொல்லவில்லை. எழுத்து முத்திரைப் பெட்டி ஒன்று வேண்டும், ஆனால் எழுத்து விழுமா என்று குத்திப் பார்க்க வேண்டும் என்றாள். அந்தக் கழிசடை செய்ததை எல்லாம் இன்றைக்கே அவளிடம் வீசப்போவதாகவும், வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் புஷ்பவள்ளி அருள்புரிந்தாள்.

“நீங்களே ஒரு வார்த்தை குத்திக் காட்டுங்களேன். பெண்ணுன்னு.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் புஷ்பவள்ளியின் உதடு கோணியது. ஆனாலும் தாளை இழுத்தாள். வசந்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அவள் கை நேராகப் பெட்டிக்குள் போய் முதலில் கொம்பை எடுத்தது. டக். பிறகு ‘ப’. டக். ‘ண்’. டக். மூன்றும் கோடு போட்டதுபோல் நின்றன. தான் தமிழ்ப் பள்ளியில் படித்தவள் என்றும், எழுத்துக் கோணினால் விரல் முட்டியில் அடிப்பார்கள் என்றும், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் எங்கே என்றும் சொல்லிக்கொண்டே மையைத் துடைத்தாள்.

வசந்தனின் மாளிகை, மாடிப்படி, மெழுகுவர்த்தி எல்லாம் ஒரே ஊதலில் அணைந்தன.

“ஆன்ட்டி கையெழுத்து ஸ்கூல் புஸ்தகம் மாதிரி இருக்கு,” என்றான் சோகமாக.

பிரேமாவதி அவனைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண் செய்த அட்டை எதுவும் பார்க்கக் கிடைக்குமா என்று கேட்டாள். புஷ்பவள்ளி கால்குலேட்டருக்கு அடியிலிருந்து ஒன்றை உருவிப் போட்டாள். கல்யாண அட்டையின் மாதிரி. வலப்பக்கம் பார்த்த மயில், சீக்கு வந்ததுபோல் வெளுத்திருந்தது.

“பாருங்க இந்தக் கேவலத்தை. சாயம் போன மயிலு. கல்யாணக் கார்டா கருமாதிக் கார்டான்னு கேட்டேன்.”

“வெயில்ல வெளுத்துருச்சோ?”

“வெயிலாவது. மகன் கொண்டாந்து குடுக்கும்போதே இந்த லட்சணந்தான்.”

பிரேமாவதி தலையை மட்டும் ஆட்டினாள். வசந்தனுக்கு அப்போதுதான் கரண்டி ஞாபகம் வந்தது. உரித்தபின் வெளுத்து நின்ற தாய் மயில். இந்த அட்டை புஷ்பவள்ளியின் கைக்கு வருவதற்கு முன்பே தன் பிள்ளையைப் பெற்றுவிட்டிருந்தது. புக்கிட் செலம்பாவுக்கும் இந்தக் கல்லாவுக்கும் நடுவில் அதைத் தொட்டது ஒரே ஒரு கை.

அந்தக் கை சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்தது. புவனேசன். அவனுக்கு முன்னால் அவன் சென்ட் வாசனை வந்தது, பின்னால் அவன் வந்தான். கூரைக்குள் கறுப்புக் கண்ணாடி. துக்கத்தை எப்படிப் போட்டுக்கொள்வது என்று கண்ணாடி முன் நின்று பழகியிருப்பான் போல, முகத்தில் அளவாகத் தடவியிருந்தான். நேரமாகிறது, தட்டை எடுத்துக் காடியில் வைக்கட்டுமா என்று அம்மாவைக் கேட்டான்.

“தம்பி, ஒரு நிமிஷம்,” என்றாள் பிரேமாவதி. “அம்மா நல்லா குத்திக் காட்டினாங்க. எனக்கு நம்ம மாநிலப் பேர் வேணும். கெடான்னு போட்டுக் குடுங்க. என் கண்ணுக்கு இந்தக் குட்டி எழுத்து தெரியல.”

அவன் சலித்துக்கொண்டான். ஆனால் வாடிக்கையாளரைக் கழற்றிவிட அதுதான் சுருக்கு வழி. பெட்டியைத் தன் பக்கம் இழுத்தான். முதலில் ‘க’வை எடுத்துக் குத்தினான். அதற்கப்புறம் கொம்பைத் தேடி எடுத்து அதன் பின்னால் குத்தினான். பிறகு ‘ட’. பிறகு கால். தாளைத் திருப்பித் தள்ளினான்.

வசந்தன் தாளின்மேல் குனிந்தான்.

“அண்ணே,” என்றான் வசந்தன், மிக மெதுவாக, “உங்க கெடாவுக்குக் கொம்பு பின்னால முளைச்சிருக்கு.”

புவனேசனுக்குப் புரியவில்லை. புஷ்பவள்ளிக்குப் புரிந்தது. ஷட்டருக்கு அடியில் கிடந்த அட்டையை அவள் எத்தனை தரம் படித்திருப்பாள். ஒவ்வொரு தரமும் அந்தக் கொம்புகளைப் பார்த்து, எழுதத் தெரியாத தோட்டத்து ஜென்மம் என்று திட்டியிருப்பாள். இப்போது அதே கொம்பு அவள் கல்லாவில், அவள் பெற்ற கையால், மை காயாமல் கிடந்தது. அவளே அவனை மலாய்ப் பள்ளியில் சேர்த்தவள். தமிழை வீட்டில் பேசிக் கற்றுக்கொள்ளட்டும் என்று சொன்னவளும் அவளே.

பிரேமாவதி பழி அட்டையை எடுத்து அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதற்குப் பக்கத்தில் வெளுத்த தாய் மயிலை வைத்தாள்.

“ஏன்டா?” என்றாள் புஷ்பவள்ளி.

அவன் முதலில் மறுத்தான். பிறகு கோபித்தான். பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கண்ணாடி இல்லாமல் அவன் முகம் இன்னும் சின்னதாகத் தெரிந்தது. அவனுக்கு அந்தப் பெண் மேல் பிரியம் போய்விட்டது. அவ்வளவுதான் விஷயம். வேறு பெண் இல்லை, ரகசியம் இல்லை, மாளிகை இல்லை. நாள் நெருங்க நெருங்க அலுத்துப்போயிற்று.

“வேணாம்னு சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?” என்றாள் பிரேமாவதி.

“எப்படிச் சொல்றது? இவங்களோட சண்டை போட்டுத்தானே கட்டறேன்னு நின்னேன். வேணாம்னா, அப்பவே சொன்னேன் பாத்தியான்னு சாகற வரைக்கும் சொல்லிக்காட்டுவாங்க.”

வசந்தன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். எத்தனையோ பெரிய குற்றங்களை அவன் புத்தகங்களில் வாசித்திருக்கிறான். ராஜ்ஜியத்துக்காக, பழிக்காக, பைத்தியத்துக்காக. அம்மாவிடம் ஒரு வாக்குவாதத்தில் தோற்கக்கூடாது என்பதற்காக ஒருத்தியைக் கெட்டவள் என்று குத்திய ஆளை இப்போதுதான் பார்க்கிறான். அதற்காக அவன் பெண்டாங் வரை பெட்ரோல் செலவழித்திருக்க வேண்டாம் என்றுகூடத் தோன்றியது.

“அக்கா, இந்த ஆளை வில்லன்னு போட்டா வில்லன் சங்கத்துல வழக்குப் போடுவாங்க,” என்றான்.

புஷ்பவள்ளி எழுந்தாள். பேப்பருக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தட்டை அவளே தூக்கிக்கொண்டாள்.

“ஏறுடா காடில,” என்றாள்.

நாலு மணிக்கு ஷாமளாவின் வாசலில் ஊரே நின்றது. காலையில் வேலியோரம் நின்ற இருவரும் முன்வரிசை பிடித்திருந்தார்கள். புஷ்பவள்ளி நேராகக் குணசுந்தரி வீட்டுக்கு ஆளனுப்பி அவளை வரவழைத்தாள். எல்லோர் காதிலும் விழும்படி, அட்டையைக் குத்தியது தன் மகன் என்றும், பெண்ணின் மேல் குற்றம் இல்லை என்றும், இவள் மேலும் இல்லை என்றும் சொன்னாள். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அவளுக்கு இல்லாததால் வார்த்தைகள் ஒவ்வொன்றும் சில்லறை எண்ணிப் போடுவதுபோல் விழுந்தன. ஆனால் ஒன்றும் குறையவில்லை. பிறகு பட்டுத்துணியை விலக்கித் தட்டை ஷாமளாவின் முன்னால் நீட்டினாள்.

“தட்டு இங்கேயே இருக்கட்டும். குறிச்ச நாள்ல கல்யாணம் நடக்கும். இவன் உன் காலடியில கிடப்பான், அதுக்கு நான் பொறுப்பு.”

கூட்டம் ஒரே மூச்சாய்ப் பெருமூச்சு விட்டது. பெரிய மனது, பெரிய இடம் என்றார்கள். காலையில் எந்த நாக்கு கெட்டவள் என்றதோ அதே நாக்கு இப்போது அதிர்ஷ்டக்காரி என்றது. புவனேசன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இப்போதும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஷாமளா தட்டைத் தொடவில்லை. குணசுந்தரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் போனாள். பிறகு ஹீட் கன் இரைவது தெருவரை கேட்டது.

“துப்பாக்கிச் சத்தம்,” என்றான் வசந்தன். பிரேமாவதி அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

ஷாமளா ஒரு அட்டையோடு திரும்பி வந்து, அதைத் தட்டில் வெற்றிலைக்கு மேலே வைத்து, தட்டோடு புவனேசனின் கையில் கொடுத்தாள். வலப்பக்கம் பார்த்த மயில், தோகை முழுக்கப் பொன் மேடிட்டு மின்னியது. அதற்குக் கீழே ஒரே ஒரு எழுத்து. அந்த ஓர் எழுத்துக்கு மூன்று முத்திரை தேவைப்பட்டிருந்தது.

“எது எங்க வரும்னு நல்லாப் பாத்துக்குங்க,” என்றாள். “இரட்டைக் கொம்பு முன்னால. ‘ப’ நடுவுல. கால் பின்னால. சத்தமாப் படிங்க.”

அவன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. முன்வரிசைப் பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்து அவனுக்காகப் படித்தாள்.

“போ.”

அவன் கட்டைவிரலால் அந்த எழுத்தை அழுத்தித் தேய்த்தான். சூடு காட்டிய மை. ஒட்டவும் இல்லை, அழியவும் இல்லை.